அம்மாபேட்டையில் ஒரு பழைய வீடு: எத்தனை முறை பார்த்தால் போதும்?

4 நவம்பர் 2024, திங்கள் இரவு

ஒரு வீட்டுக்கு விலை பேசும் முன் அதை எத்தனை முறை நேரில் பார்க்க வேண்டும்? ஒரு முறை போதும் என்பது என் கட்சி. பிடித்த வீடு வாசலிலேயே தெரிந்துவிடும். அதற்குமேல் பார்ப்பதெல்லாம் குறை தேடும் வேலை. என் கணவர் மூன்று முறையாவது பார்க்க வேண்டும் என்கிறார். அத்தையோ, தான் ஒரு முறை பார்ப்பது நாங்கள் மூன்று முறை பார்ப்பதற்குச் சமம் என்று சொல்லிவிட்டார்.

நேற்று சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீடு பார்த்தோம். ஐந்து சென்ட் மனை. கிழக்குப் பார்த்த வாசல். முன்பக்கம் கான்கிரீட் தளம் போட்ட கூடமும் ஓர் அறையும், பின்பக்கம் நாட்டு ஓடு வேய்ந்த சமையற்கட்டும் கிணறும். கேட்கும் விலை 62 லட்சம். பன்னிரண்டு ஆண்டுகளாக அழகாபுரத்தில் வாடகை வீட்டில் இருந்து, மொட்டை மாடியில் வடகம் காயவைக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுப் பழகிப்போன எனக்கு, அந்தக் கிணற்றடியில் போய் நின்றபோது வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தெருவும் அவ்வளவு அமைதி. அணில் கத்துவது கூடத்துக்குள் கேட்டது.

கூடம் முழுவதும் புதிதாக வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். என் ஏழு வயது மகன் தன் பொம்மைக் காரைக் கூடத்தில் எந்தச் சுவரோரம் விட்டாலும் அது தானாக நடுவுக்கு ஓடிவந்து நின்றது. அவனுக்கு வீடு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். கூடத்துக்கும் அறைக்கும் இடையிலுள்ள சுவரில் மயிரிழை போல ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. பூச்சு வெடித்திருக்கும்.

5 நவம்பர்

பதிவுச் செலவு 11 விழுக்காடு என்று கணக்குப் போட்டுக் காட்டிய நண்பருக்கு: அது பழைய கணக்கு. 2017இல் அரசு நிலத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பைக் குறைத்தபோது பதிவுக் கட்டணத்தை 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2023இல் வழிகாட்டி மதிப்பைப் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வை 7, கட்டணம் 2, ஆக மொத்தம் 9 விழுக்காடு. 62 லட்சத்துக்கு 5 லட்சத்து 58 ஆயிரம் ஆகும். இதைக் கூட்டிப் பார்க்காமல் வங்கிக் கடனை மட்டும் நம்பி விலை பேசப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் நகைக்கடன் வாங்க ஓடுவதை என் உறவிலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

8 நவம்பர்

தெரு அமைதி என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேற்று அலுவலகம் முடிந்து, யாரிடமும் சொல்லாமல், தனியாக அந்தத் தெருவுக்குப் போனேன். முனையில் வண்டியை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. எதிர்வரிசையில் மூன்றாவது வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அதற்கடுத்த வீட்டிலும் ஓடுகிறது. நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை தீபாவளி முடிந்த மூன்றாம் நாள். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன தறிக்காரர்கள் யாரும் திரும்பியிருக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஓடுகிற தறிகள் நின்றிருந்த அந்தச் சில நாட்களுக்குள் தரகர் எங்களை அழைத்துப் போனது தற்செயலா என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீடு சேலத்தின் குகைப் பகுதியில் இருந்தது. தாத்தா குழித்தறியில் நெய்தவர். தறிச் சத்தம் எனக்குத் தாலாட்டு என்றெல்லாம் எழுத மாட்டேன்; கைத்தறியின் ஓசை வேறு, விசைத்தறியின் இரைச்சல் வேறு. கைத்தறி நெய்கிறவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் ஓசையும் நின்றுவிடும். இது நிற்காது. இரவு ஷிப்டு உண்டா என்று பெட்டிக்கடையில் கேட்டேன். மின்சாரம் இருக்கும்வரை உண்டு என்றார்கள். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆக இரண்டு முறை. என் கட்சி தோற்றுவிட்டது; என் கணவரிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

11 நவம்பர்

சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாம் என்று ஆலோசனை சொன்னவர்களுக்கு நன்றி. சித்திரை மாத வெயிலில் சேலத்தில் சன்னலை அடைத்துக்கொண்டு உட்காருவதற்குக் குளிர்சாதனம் வேண்டும். அதற்கு மின் கட்டணம் வேண்டும். அதைக் கட்ட இன்னொரு வேலை வேண்டும். படிக்கும் அறையைப் பின்கட்டுக்கு மாற்றிவிடுவது சுலபம். நடுவில் கூடம், அறை, முற்றம் மூன்றும் இருப்பதால் அங்கே சத்தம் பாதியாகத்தான் கேட்கும். அதையும் போய்க் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

17 நவம்பர், ஞாயிறு

மூன்றாம் முறை. அத்தையும் வந்தார், தெரிந்த கொத்தனார் ஒருவரையும் அழைத்துப் போனோம்.

அத்தை வீட்டைப் பார்க்கும் முறையே தனி. கூடத்தில் நிற்கவே இல்லை. நேராகக் கழிப்பறைக்குப் போனார். எத்தனை படி இறங்க வேண்டும், இரவில் விளக்குச் சுவிட்சு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, வழுக்கினால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்த்தார். இரண்டு படிகள். முழங்கால் தேய்ந்தவருக்கு இரண்டு படி என்பது ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குச் சமம் என்று அவரே சொன்னார். சமையற்கட்டு அக்கினி மூலையில் இல்லை, வாயு மூலையில் இருக்கிறது. அதைப் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டார். குழாயைத் திறந்து ஒரு வாய் ஊற்றிப் பார்த்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு, மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்டார். தரகர் தொண்டையைச் செருமினார். அதற்கான பதிலை நாங்கள் பக்கத்து வீடுகளில் வாசலுக்கு வாசல் வைத்திருந்த பிளாஸ்டிக் பீப்பாய்களை எண்ணித் தெரிந்துகொண்டோம்.

கொத்தனார் சுவரை அதிகம் பார்க்கவில்லை. விரிசலைக் காட்டியபோது, "பூச்சு வெடிப்புதாங்க, பயப்பட வேண்டாம்" என்றார். ஆனால் கூடத்தின் நடுவில் ரசமட்டம் வைத்துப் பார்த்தவர், ஒரு கட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றுவிட்டார். சுற்றிலும் கெட்டியாகக் கேட்ட ஓசை அங்கே மட்டும் பானையைத் தட்டியது போலக் கேட்டது. தரை அங்கே அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. பொம்மைக் கார் ஓடிவந்து நின்ற அதே இடம்.

கீழே பழைய மலக்குழி இருக்கலாம் என்பது கொத்தனாரின் ஊகம். கூடத்தின் நடுவிலா என்று கேட்டதற்கு, முன்பு அது கூடமாக இருந்திருக்காது என்றார். அத்தை அந்த நிமிடமே வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

18 நவம்பர்

நேற்று விட்டுப்போனவை. ஆவணங்களின் நகல் கிடைத்தது. விற்கிறவர்கள் இருவர், அண்ணன் தம்பி. அவர்களுடைய தந்தை 1968இல் கிரயம் வாங்கியிருக்கிறார். 1996இல் உயில் எழுதாமல் காலமானார். தாய் 2011இல் காலமானார். பட்டாவும் சொத்து வரியும் இன்னும் தந்தை பெயரில்தான் இருக்கின்றன. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. ஒரு சகோதரி இருக்கிறார். 1982இல் திருமணமாகிப் போய்விட்டதால் அவருக்குப் பங்கு கிடையாது, 1989ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று தரகர் விளக்கினார். அது சரிதான், மகள்களுக்கும் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம் 25 மார்ச் 1989க்கு முன் மணமானவர்களுக்குப் பொருந்தாது.

மார்கழி பிறப்பதற்குள் ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

24 நவம்பர்

பதினெட்டாம் தேதி நான் எழுதியது பிழை; அதை நம்பி யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம்.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் நகல்களைக் கொடுத்தேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, அந்தத் தந்தைக்கு வீடு எப்படி வந்தது என்பதுதான். 1989ஆம் ஆண்டுத் திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. இது தந்தை தன் உழைப்பில் வாங்கிய சுயார்ஜித சொத்து. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன்கள், மகள் எல்லோருக்கும் சமப் பங்கு. மகளுக்கு எந்த ஆண்டு திருமணம் ஆனது என்ற கேள்வியே இங்கே எழாது. 1996இல் நான்கில் ஒரு பங்கு அவருக்கு வந்துவிட்டது. தாய் இறந்தபோது தாயின் பங்கு மூன்றாகப் பிரிந்தது. ஆகவே இன்று அந்தச் சகோதரிக்கு உரியது வீட்டில் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

பூர்வீகச் சொத்தாகவே இருந்தாலும் தரகரின் வாதம் இன்று நிற்காது என்பதையும் அவர் சொன்னார். 2005இல் மைய அரசு கொண்டுவந்த திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11 ஆகஸ்ட் 2020 அன்று தீர்ப்பளித்துவிட்டது.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது பற்றியும் எனக்குப் பாடம் நடந்தது. பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். ஒருவர் இறந்ததும், அவருக்கு மகள் இருப்பதும், அந்த மகள் குமாரபாளையத்தில் இருப்பதும் எந்தப் பதிவேட்டிலும் வில்லங்கமாக ஏறாது. அத்தோடு, நான் இணையத்தில் போட்டுப் பார்த்த ஆண்டுகளில் 1968 இல்லவே இல்லை. பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

முன்பணம் கொடுக்கவில்லை. கொடுக்க எண்ணி வங்கியிலிருந்து எடுத்து வந்த பணம் இரண்டு நாள் அரிசி டிரம்முக்குள் இருந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

3 டிசம்பர்

நான்காம் முறை, மழையில்.

பெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு ஞாயிறும் திங்களும் இங்கே கொட்டியதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேர்வராயன் மலையில் பெய்வது திருமணிமுத்தாறு வழியாக நகரத்துக்குள்தான் இறங்கி வரும் என்பதைப் பள்ளியில் படித்திருந்தாலும், நேற்று ஆற்றோரம் வண்டியை உருட்டிக்கொண்டு போனபோதுதான் புரிந்தது. இந்த மழையில் யாராவது வீடு பார்க்கப் போவார்களா என்று என் கணவர் கேட்டார். நான் போனேன். சாவி தரகரிடம் இருந்தது. அவர் வர மறுத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவைத்தார். அந்த நல்ல குணத்துக்காக அவருடைய தீபாவளி வாரத்து விளையாட்டை மன்னித்துவிட்டேன்.

தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றது, வாசற்படியைத் தாண்டவில்லை. நாட்டு ஓடு இரண்டு இடத்தில் ஒழுகியது, அது மாற்றிவிடக்கூடியது. மேற்குச் சுவர் இடுப்பளவு பொதுமியிருந்தது. கிணற்றில் நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தது.

கூடத்தில் விளக்கைப் போட்டதும் தரையைப் பார்த்தேன். எல்லா டைல்ஸும் உலர்ந்திருக்க, நடுவில் மட்டும் இணைப்புக் கோடுகள் கறுத்து, அவற்றின் மேல் முத்து முத்தாக நீர் கசிந்திருந்தது. அந்தக் கறுப்புக் கோடுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு செவ்வகம். நீளம் மூன்றடி இருக்கும், அகலம் இரண்டரை. அந்த அளவு எனக்குத் தெரியும். ஐந்து வயதில் அப்படி ஒன்றில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவள் நான்.

அது மலக்குழி அல்ல, தறிக்குழி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் குழி. மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறி, வாரக் கணக்கில் தறி நிற்கும். தாத்தா குவளையால் முகந்து முகந்து கொட்டுவார். மறுநாள் காலையில் மறுபடியும் ஊறியிருக்கும். தறியை எடுத்தபின் குழியைக் கையில் கிடைத்த செங்கல் உடைசலையும் சாம்பலையும் போட்டு மூடி, மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

4 டிசம்பர்

அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்களா என்று கேட்டவர்களுக்கு: ஆம், எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "தறி இல்லாத ஊடு இந்தத் தெருவுல எங்க கண்ணு இருந்துச்சு?" என்றார். ஒரு மாதமாக நான் தட்டிப் பார்த்தும் மட்டம் வைத்தும் கண்டுபிடித்ததை அவரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். குமரகிரி ஏரி நிரம்பினால் தெருவில் எல்லாக் கிணற்றிலும் நீர் ஏறும் என்பதும் அவர் சொன்னதுதான்.

8 டிசம்பர்

கொத்தனார் தன் ஊகம் தவறியதில் சற்று வருத்தப்பட்டார். பிறகு வேலையைச் சொன்னார். டைல்ஸைப் பெயர்த்து, உள்ளே கிடக்கும் குப்பையை முழுவதும் அள்ளி, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நீர் விட்டுத் திமிசால் இறுக்கி, மேலே கான்கிரீட் போட வேண்டும். 25 ஆயிரம் ஆகும். கசிவை அடியோடு நிறுத்த முடியாது. நிலத்தடி நீர் ஏறினால் அது ஏதோ ஒரு வழியில் வரத்தான் செய்யும். தரை இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதைக் காட்டி விலையைக் குறைக்கக் கேட்டோம். 58 லட்சத்துக்கு இறங்கினார்கள். ஆனால் எனக்குள் ஒரு குழப்பம். அந்தக் குழியை மறைத்தார்கள் என்று முதலில் கோபப்பட்டேன். தம்பியிடம் பேசியபோது அவருக்கு அது மறைக்க வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை என்பது தெரிந்தது. நெசவை விட்டு வேறு வேலைக்குப் போன குடும்பம். தறியைப் பிரித்து விற்ற பிறகு குழியை மூடுவது, இறந்தவரின் சட்டையை எடுத்து வைப்பது போல ஒரு காரியம். தரகருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விற்கிறவருக்கே வீடு முழுதாகத் தெரியும் என்று நினைத்துத்தான் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நீர் எவ்வளவு ஏறும் என்பது எதிர்வீட்டுக்குத் தெரிகிறது, இரைச்சல் எத்தனை மணிக்கு நிற்கும் என்பது பெட்டிக்கடைக்குத் தெரிகிறது.

பின்கட்டில் சத்தம்: அரைமணி நேரம் உட்கார்ந்து கேட்டேன். பாதி என்று எழுதியிருந்தேன். முக்கால் என்பதே நியாயம். மகளையும் உட்கார வைத்தேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தனக்கு எதுவும் கேட்கவில்லை என்றாள்.

15 டிசம்பர்

நாளை மார்கழி. இனி தை பிறந்த பிறகுதான் பேச்சு. சகோதரியின் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டோம். அண்ணன் அக்காவிடம் ஐந்து ஆண்டுகளாகப் பேசுவதில்லையாம். அது எங்கள் பொறுப்பா என்று கேட்ட நண்பருக்கு: பொறுப்பில்லை, ஆனால் அவர் கையெழுத்திடாத பத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு வராது.

19 ஜனவரி 2025, ஞாயிறு

தைப் பொங்கல் முடிந்து அந்த அம்மா குமாரபாளையத்திலிருந்து வந்தார். தம்பி பேருந்து நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார். அண்ணன் கிணற்றடியிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா அறுபதைக் கடந்தவர், ஆனால் என்னைவிட வேகமாக நடக்கிறார். தானும் ஒரு விற்பவராகப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திடுவதாகவும், தன் பங்குப் பணம் தன் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்றும், தம்பிமார் முன்னிலையிலேயே சொன்னார். பங்கைத் தம்பிமாருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தரகர் ஆரம்பித்தார். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் முடியவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் பதிவு.

புறப்படும் முன் கூடத்தைக் காட்டி, அப்பாவின் தறி இங்கே இருந்தது என்றார். தெரியும், குழியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் சற்றுப் பெருமையோடு சொன்னேன். "அது ஒண்ணு. அம்மா தறி எங்க?" என்று கேட்டுவிட்டு, அறைக்குள் போய் வடக்குச் சன்னலுக்கு அடியில் நின்றார். முன்பு கூடமும் அறையும் ஒரே இடம். தறிகளை எடுத்த பிறகுதான் நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் ஒரு முனை இரண்டாவது குழியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே முதல் நாள் நான் பூச்சு வெடிப்பு என்று எழுதியதும், கொத்தனார் அதை ஆமோதித்ததும் சேர்ந்தே தவறு. அவரை இன்று மாலை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறேன். 25 ஆயிரம் இனி 25 ஆயிரமாக இருக்காது, சுவருக்கு முட்டுக்கொடுத்துத்தான் தோண்ட வேண்டியிருக்கும். அந்த வடக்குச் சன்னலோரம்தான் கட்டில் போட வேண்டும் என்று அத்தை முதல் நாளே இடம் பிடித்து வைத்திருந்தார். குழியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது ஆண்டு ஒருத்தி உட்கார்ந்து நெய்த இடம் தனக்குப் படுக்க ஆகாதா என்கிறார். ஆனால் கட்டிலின் நான்கு காலும் கெட்டித் தரையில் நிற்கிறதா என்பதைத் தானே வந்து தட்டிப் பார்ப்பாராம். அதையும் சேர்த்தால் ஆறாம் முறை.